செல்போனை எங்கே அணைக்க வேண்டும், எதற்காக அணைக்க வேண்டும்?

பழைய 2ஜி போனை ரேடியோவுக்கோ கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்கோ பக்கத்தில் வைத்துப் பழகியவர்களுக்கு அந்தச் சத்தம் மறந்திருக்காது. மணி அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் ஸ்பீக்கர் "டிடிட் டிடிட் டர்ர்ர்" என்று இரையும். போன் வரப்போகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். போனையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் ஒயர் எதுவும் கிடையாது. டவருக்குப் போகவேண்டிய ரேடியோ அலையை ஸ்பீக்கரின் ஒயரே ஆன்டெனாபோல வாங்கிக்கொள்கிறது; உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்கிச் சத்தமாக்கிவிடுகிறது. 2ஜி போன் அலையைத் தொடர்ந்து அனுப்பாமல் நொடிக்கு 217 தடவை விட்டுவிட்டு அனுப்பும். நம் காதில் விழுவது அந்தத் துடிப்புதான்.

ஸ்பீக்கர் இரைந்தால் யாருக்கும் நட்டமில்லை. அதே இடத்தில் நோயாளிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து ஏற்றும் சிரிஞ்ச் பம்ப் இருந்தால், அதற்குள் இருக்கும் சர்க்யூட்டும் இதேபோல ஏமாறக்கூடும்.

"செல்போனை அணைக்கவும்" என்ற பலகை ஆஸ்பத்திரியில் இருக்கிறது. பெட்ரோல் பங்க்கில், கல்குவாரியில், கெமிக்கல் ஆலை வாசலில் இருக்கிறது. விமானத்தில் அதையே வாயால் சொல்கிறார்கள். வாசகம் ஒன்றுதான், காரணம் இடத்துக்கு இடம் வேறு. ஆபத்து தரக்கூடியவை போனுக்குள் மூன்று: அலை அனுப்பும் ரேடியோ, ஸ்பீக்கரிலும் சில போன்களின் முதுகிலும் இருக்கும் காந்தம், பொறியும் சூடும் தரக்கூடிய பேட்டரி. ஐ.சி.யூ.வில் ரேடியோதான் பிரச்சினை. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவருக்குக் காந்தம். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் பொறி. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பலரும் தப்பான இடத்தில் தைரியமாகவும் தேவையில்லாத இடத்தில் பயந்தும் நடந்துகொள்கிறார்கள். ஃபிளைட் மோட் போட்டால் ரேடியோ மட்டும் நிற்கும். பேட்டரியும் காந்தமும் அப்படியே இருக்கும். வென்டிலேட்டர் பக்கத்தில் அது நல்ல பாதுகாப்பு. கேஸ் கசிந்த அறையில் அதனால் ஒரு பயனும் இல்லை.

ரேடியோ: தள்ளி நிற்பதுதான் பாதுகாப்பு

2ஜி போன் 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உச்சமாக 2 வாட் அனுப்பும். 1800-இல் 1 வாட். 4ஜி போனின் உச்சம் 0.2 வாட்தான். வைஃபை 0.1 வாட்டை ஒட்டி இருக்கும். ப்ளூடூத் அதிலும் மிகக் குறைவு. டவர் நன்றாகக் கிடைத்தால் போன் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் உச்சத்துக்கு ஏற்றிக் கத்தும். லிஃப்ட், பேஸ்மென்ட், ஈயத்தகடு அடித்த எக்ஸ்ரே அறை இவற்றுக்குள் போன் உச்ச சக்தியில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் இடத்தில்தான் கருவிக்குத் தொந்தரவு அதிகம்.

ஒரு கருவியின்மேல் இந்த அலை எவ்வளவு பலமாக விழுகிறது என்பதைத் தோராயமாகக் கணக்கிடலாம். வாட் அளவின் வர்க்கமூலத்தை 7-ஆல் பெருக்கி, மீட்டரில் அளந்த தூரத்தால் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை வோல்ட் என்று வரும். 2 வாட் போன் 1 மீட்டர் தள்ளி இருந்தால் சுமார் 10 வோல்ட். 30 சென்டிமீட்டரில் 33. 10 சென்டிமீட்டரில் கிட்டத்தட்ட 100. 0.2 வாட் 4ஜி போனுக்கு இதே தூரங்களில் 3, 10, 31. (ரொம்பவும் ஒட்டி வைத்தால் இந்தச் சூத்திரம் சரியாக வராது, ஆனால் போக்கு புரிந்துவிடும்.) தூரத்தை இரட்டிப்பாக்கினால் பலம் பாதியாகிறது. செக்யூரிட்டி ஊழியர் இடுப்பில் இருக்கும் 5 வாட் வாக்கிடாக்கியையும் இதே கணக்கில் போட்டுப் பாருங்கள்: 1 மீட்டரில் 15 வோல்ட்டுக்கு மேல். பார்க்க வந்தவரின் போனைப் பிடுங்கி வைத்துவிட்டு வாக்கிடாக்கியை ஐ.சி.யூ.வுக்குள் விடுவது தலைகீழான காவல்.

மருத்துவக் கருவி எவ்வளவு தாங்கும்? அதற்கு உலக அளவில் இருக்கும் தரம் ஐ.இ.சி. 60601-1-2. பழைய பதிப்புகளின்படி உயிர்காக்கும் கருவிகள் மீட்டருக்கு 10 வோல்ட்டும் மற்றவை 3 வோல்ட்டும் தாங்கினால் போதும். 2014-இல் வந்த நான்காம் பதிப்பு, போன் 30 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம் என்று வைத்துக்கொண்டு, பொதுவாகப் புழங்கும் போன் அலைவரிசைகளில் 28 வோல்ட் வரை சோதிக்கச் சொல்கிறது. புதிய கருவியும் 4ஜி போனும் என்றால் பெரும்பாலும் சிக்கல் வராது. ஆனால் நம் ஊர் வார்டுகளில் பத்துப் பதினைந்து வருடப் பழைய மானிட்டரும் பம்ப்பும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எந்தக் கருவி எந்தப் பதிப்பின்படி சோதிக்கப்பட்டது என்பது நோயாளியைப் பார்க்க வந்தவருக்குத் தெரியாது.

2007-இல் இரண்டு ஆய்வுகள் வெளியாயின. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 75 அறைகளில் 300 சோதனை செய்தார்கள். போனை வழக்கம்போலப் பயன்படுத்தினார்கள். ஒரு கருவிகூடத் தடுமாறவில்லை. ஆம்ஸ்டர்டாமில் 61 கருவிகளை எடுத்து, போன் அலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கிக்கொண்டே போனார்கள். 26 கருவிகள் தடுமாறின. வென்டிலேட்டர் தானாக நின்று திரும்ப ஆரம்பித்த சம்பவமும் அதில் உண்டு. ஒன்று "போனால் ஒன்றும் ஆகாது" என்றும் மற்றது "ஆபத்து" என்றும் சொல்வதாகச் செய்திகள் வந்தன. இரண்டும் முரண்படவே இல்லை. ஆம்ஸ்டர்டாம் சோதனையில் தடுமாற்றம் தொடங்கிய தூரத்தின் நடு அளவு 3 சென்டிமீட்டர். வழக்கமான தூரத்தில் பேசினால் ஒன்றும் ஆகவில்லை. கருவியோடு ஒட்டி வைத்தால் ஆகிறது.

எனவே வார்டில் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். கட்டில் ஓரக் கருவிகளுக்கும் உங்கள் போனுக்கும் நடுவே 1 மீட்டர் இருக்கட்டும். இரண்டு மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. வென்டிலேட்டரின் மேல்தட்டில், சிரிஞ்ச் பம்ப் மாட்டிய ஸ்டாண்டில், நோயாளியின் தலையணைக்கடியில் போனை வைக்காதீர்கள். வைப்பவர்கள் ஏராளம், ஏனென்றால் ஐ.சி.யூ.வில் வேறு மேசை இருப்பதில்லை. பேச வேண்டுமென்றால் வராந்தாவுக்கு வாருங்கள். இசிஜி எடுக்கும்போது போனை நோயாளியின் மேலிருந்து எடுத்துவிடுங்கள். கோடு நடுங்கினால் இதயத்துடிப்புக் கோளாறா வெளித் தொந்தரவா என்று டெக்னீஷியன் குழம்ப வேண்டியிருக்கும். கருவி காரணமில்லாமல் அலாரம் அடித்தால் போனைத் தூர எடுத்துப் போங்கள், நர்ஸிடம் "போன் பக்கத்தில் இருந்தது" என்று மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வரி அவர்களுக்கு அரை மணி நேரத் தேடலை மிச்சமாக்கும்.

ரேடியோவைவிடவும் அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று உண்டு. போனுக்குச் சார்ஜ் போட ப்ளக் பாயின்ட் தேடி, ஏற்கெனவே மாட்டியிருக்கும் ப்ளக்கைப் பிடுங்குவது. அது பம்ப்பின் ப்ளக்காக இருந்தால் உடனே ஒன்றும் தெரியாது, உள்பேட்டரியில் ஓடும். பேட்டரி தீரும்போதுதான் தெரியும். நோயாளியின் தலைமாட்டில் இருக்கும் எந்தப் பாயின்ட்டையும் கேட்காமல் தொடாதீர்கள்.

விமானத்தில் காரணம் இதே குடும்பம். இருநூறு போன்கள் ஒரே உலோகக் குழாய்க்குள், டவர் எட்டாத உயரத்தில், எல்லாம் உச்ச சக்தியில் தேடிக்கொண்டிருந்தால் விமானியின் ஹெட்போனில் அந்த "டிடிட் டிடிட்" கேட்கும். தரையோடு பேசும் சொல் ஒன்று அதில் தவறிப்போகக்கூடாது. விமானம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டர் 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. அமெரிக்காவில் 5ஜிக்கு 3.7 முதல் 3.98 வரை கொடுத்தபோது 2022 தொடக்கத்தில் பெரிய சர்ச்சை வந்தது அதனால்தான். இந்தியாவில் 5ஜி 3.3 முதல் 3.67 வரை என்பதால் இடைவெளி கூடுதல். 2014 முதல் இந்தியாவில் ஃபிளைட் மோடில் போனைப் பயன்படுத்த அனுமதி இருக்கிறது.

விமானத்தில் பேட்டரிதான் பெரிய கவலை என்பது பலருக்குத் தெரியாது. பவர் பேங்க்கைச் சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் வைக்கக்கூடாது. அங்கே தீப்பிடித்தால் அணைக்க ஆள் இல்லை. கைப்பையில் 100 வாட்-ஹவர் வரை கொண்டு போகலாம். 20,000 மில்லியாம்ப் பவர் பேங்க்கை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-ஹவர், அது சரி. போன் சீட்டின் இடுக்கில் விழுந்துவிட்டால் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தித் தேடாதீர்கள். இயந்திரப் பகுதியில் போன் நசுங்கினால் பேட்டரி உள்ளுக்குள் ஷார்ட் ஆகிப் புகையத் தொடங்கும். அப்படியே எழுந்து விமானப் பணியாளரைக் கூப்பிடுங்கள்.

கல்குவாரியில் ரேடியோவின் இலக்கு வேறு. வெடிமருந்தை வெடிக்கத் தூண்டும் எலெக்ட்ரிக் டெட்டனேட்டரிலிருந்து நீளமான இரண்டு ஒயர் வெளியே வரும். ஸ்பீக்கர் ஒயர் செய்ததையே அதுவும் செய்யும். அலையை வாங்கி மின்னோட்டமாக்கும். அந்த வகை டெட்டனேட்டருக்குச் சுமார் கால் ஆம்பியருக்கு மேல் போனால் ஆபத்து தொடங்குகிறது. அதனால்தான் வெடி இணைக்கும்வரை இரண்டு ஒயர் முனைகளையும் முறுக்கி ஒன்றாகவே வைத்திருப்பார்கள். போன், வாக்கிடாக்கி, வண்டியில் பொருத்திய வயர்லெஸ் எதுவும் வெடி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வரக்கூடாது. இந்தியாவில் 2025 ஏப்ரல் 1 முதல் எலெக்ட்ரிக் டெட்டனேட்டர் தயாரிக்கவும் வைத்திருக்கவும் இறக்குமதி செய்யவும் தடை. அதற்கு மாற்றாக வந்த எலெக்ட்ரானிக் வகை பாதுகாப்பு கூடியது. ஆனாலும் வெடிமருந்து நிரப்பும் இடத்துக்குள் போன் வராமல் இருப்பதே முறை.

காந்தம்

பேஸ்மேக்கருக்கும், இதயம் தறிகெட்டுத் துடித்தால் அதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் ஐ.சி.டி. கருவிக்கும் உள்ளே காந்தத்தை உணரும் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. டாக்டர் வெளியிலிருந்து காந்தம் காட்டி அதை வேறு முறைக்கு மாற்றுவதற்காக வைத்தது. சுமார் 10 காஸ் காந்தபலம் பட்டாலே அது விழித்துக்கொள்ளும். பேஸ்மேக்கர் என்றால் இதயம் துடிப்பதைப் பார்க்காமல் ஒரே வேகத்தில் துடிப்பு கொடுக்கத் தொடங்கும். ஐ.சி.டி. என்றால் அதிர்ச்சி கொடுக்கும் வேலையையே நிறுத்திவைத்துவிடும். சட்டைப் பையில் போன் இருக்கும்வரை அப்படியே நிற்கும். அந்த நேரம் பார்த்து இதயம் தறிகெட்டால் காப்பாற்ற ஆள் இல்லை. 2020-இல் முதுகில் காந்த வளையத்தோடு ஐபோன் 12 வந்த பிறகு இது டாக்டர்களின் கவனத்துக்கு வந்தது. போனுக்கும் ஸ்மார்ட் வாட்சுக்கும் 15 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று அமெரிக்காவில் மருந்தையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ. 2021-இல் சொன்னது. ஆப்பிள் நிறுவனம் அதே 15 சென்டிமீட்டரோடு, வயர்லெஸ் சார்ஜில் இருக்கும்போது 30 சென்டிமீட்டர் என்கிறது.

15 சென்டிமீட்டர் என்பது ஒரு சாண் அளவுகூட இல்லை, கடைப்பிடிப்பது எளிது. கருவி இடது நெஞ்சில் இருந்தால் வலது காதில் வைத்துப் பேசுங்கள். மேல்சட்டைப் பையில் போட வேண்டாம். மார்பில் வைத்துக்கொண்டே படம் பார்த்துத் தூங்கிவிடும் பழக்கம் இருந்தால் அதை விட்டாக வேண்டும். இயர்பட்ஸ் டப்பாவின் மூடியிலும் காந்தம் இருக்கிறது. அம்மா அப்பாவுக்குப் புதுப் போன் வாங்கித் தரும் பிள்ளைகள் இதை முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டும். தூர எடுத்ததும் கருவி பழையபடி வேலை செய்யத் தொடங்கிவிடும் என்பதால் பதற்றம் வேண்டியதில்லை.

எம்.ஆர்.ஐ. அறையில் கதை தலைகீழ்: காந்தம் அங்கே இருக்கிறது, இரும்பு நம்மிடம் இருக்கிறது. 1.5 டெஸ்லா இயந்திரம் பூமியின் காந்தபலத்தைப்போல சுமார் 30,000 மடங்கு. ஸ்கேன் ஓடாதபோதும், கரண்ட் போனாலும், அந்தக் காந்தம் அணையாது. பல விபத்துகள் "இப்போது யாரையும் ஸ்கேன் செய்யவில்லையே" என்ற நினைப்பில் நடப்பவை. 2018-இல் மும்பை ஆஸ்பத்திரி ஒன்றில் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போன நோயாளியின் உறவினர் உயிரிழந்தார். போன் சிலிண்டர் அளவு கனமில்லை. ஆனாலும் கையிலிருந்து பறந்து போய் உள்ளே படுத்திருப்பவர் முகத்தில் மோதும். ஃபிளைட் மோடோ, பேட்டரியைக் கழற்றுவதோ இதற்கு மருந்தல்ல. லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், துணைக்கு வந்தவரும்.

பொறி: ஒரு குண்டூசி முனை போதும்

பெட்ரோல் தானாக எரிவதில்லை. அதன் ஆவிதான் எரிகிறது. காற்றில் ஆவி 1.4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பற்றாது, 7.6-க்கு மேலே போனாலும் பற்றாது. நடுவில் இருக்கும்போது சுமார் 0.25 மில்லிஜூல் பொறி போதும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு அது. 5,000 மில்லியாம்ப் பேட்டரியில் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 69,000 ஜூல். அதாவது தேவையானதைப்போல 27 கோடி மடங்கு. அத்தனையும் பொறியாக வெளியே வந்துவிடாது. ஆனால் சாதாரண போனில் அதை வெளியே வராமல் தடுக்க என்றே செய்த ஏற்பாடு எதுவும் இல்லை. அதிரவைக்கும் மோட்டார், கழன்று தொட்டு ஆடும் பேட்டரி முனை, சார்ஜ் துவாரம், கீழே விழுந்து நசுங்கிய செல் எல்லாமே வழி.

இவ்வளவும் சொன்ன பிறகு நேர்மையாகச் சொல்ல வேண்டியது: பெட்ரோல் பங்க் தீவிபத்துகளில் போன் காரணம் என்று நிரூபணமான சம்பவம் கிடைப்பதில்லை. அமெரிக்காவின் பெட்ரோலியம் எக்விப்மென்ட் இன்ஸ்டிடியூட் எரிபொருள் நிரப்பும்போது நடந்த 150-க்கும் மேற்பட்ட தீவிபத்துகளைத் தொகுத்தபோது கண்டது நிலைமின்சாரத்தைத்தான். அதில் பலரும் நாசிலை டேங்க்கில் மாட்டிவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்து, திரும்ப வந்து நாசிலைத் தொட்டவர்கள். சீட் துணியில் உரசிய உடலில் 10,000 வோல்ட் சேர்ந்திருந்தால் விரல் நுனியிலிருந்து பாயும் பொறியில் 5 மில்லிஜூல் இருக்கும். தேவையானதைப்போல 20 மடங்கு. கார்க் கதவைத் தொட்டதும் சுரீர் என்கிறதே, அந்த உணரக்கூடிய எந்தப் பொறியும் பெட்ரோல் ஆவியைக் கொளுத்தப் போதுமானது.

அப்படியானால் பங்க்கில் போன் தடை எதற்கு? பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். பம்ப்பிலிருந்து வழியும் ஆவி தரையோடு தவழும். அமெரிக்கத் தரமான என்.எஃப்.பி.ஏ. 30ஏ பம்ப்பைச் சுற்றி 6 மீட்டர் தூரத்துக்கு, தரையிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டர் உயரம்வரை ஆபத்துப் பகுதி என்று வரையறுக்கிறது. நின்றுகொண்டிருப்பவர் கையில் இருக்கும் போன் அதற்கு மேலே இருக்கிறது. கைதவறி விழுந்த போன் அதற்குள்ளேயே விழுகிறது. நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. பைக்கின் டேங்க் வாய் ஓட்டுபவரின் மடிக்கு முன்னால் இருக்கிறது. நாசில் உள்ளே இருக்கும்போது டேங்க்கில் இருந்த ஆவியைப் புதுப் பெட்ரோல் வெளியே தள்ளும். அந்த வாயைச் சுற்றி ஓரிரண்டு சாண் தூரம் சரியாகப் பற்றக்கூடிய கலவை. அதற்கு நேர் மேலே போனைப் பிடித்துக்கொண்டு க்யூஆர் கோடு ஸ்கேன் செய்வதுதான் பங்க்கில் பார்க்கும் மிக மோசமான பழக்கம்.

பம்ப்மேலேயே க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறதே என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பணம் கட்டுவதைத் தடுக்க முடியாது, நேரத்தை மாற்ற முடியும். இன்ஜினை அணையுங்கள், வண்டியிலிருந்து இறங்குங்கள், குழந்தையையும் இறக்குங்கள். போன் பையிலேயே இருக்கட்டும். நாசில் பம்ப்புக்குத் திரும்பி, டேங்க் மூடி பூட்டிய பிறகு நாலு எட்டுத் தள்ளி வந்து பணம் அனுப்புங்கள். கேனில் பிடிப்பதானால் கேனை வண்டிமேல் வைக்காமல் தரையில் வைத்து, நாசில் கேனைத் தொட்டபடி இருக்க வேண்டும். டேங்க் வாயில் தீப்பிடித்துவிட்டால் நாசிலை உருவாதீர்கள். உருவினால் பெட்ரோல் சிதறித் தீ உங்கள்மேல் வரும். விட்டுவிட்டு விலகி, பம்ப்பை நிறுத்தச் சொல்லிக் கத்துங்கள்.

வீட்டில், தெருவில்

சமையலறையில் கேஸ் கசிவது பங்க்கைவிட எத்தனையோ மடங்கு ஆபத்து, ஏனென்றால் சுற்றிச் சுவர் இருக்கிறது. எல்.பி.ஜி. காற்றில் 2 சதவீதத்தைத் தொட்டாலே பற்றும். 3 மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள சமையலறையின் கொள்ளளவு 27 கன மீட்டர். அதில் 2 சதவீதம் அரை கன மீட்டரைச் சற்றே தாண்டும். எடையில் சுமார் 1.2 கிலோ. 14.2 கிலோ சிலிண்டரில் பன்னிரண்டில் ஒரு பங்கு கசிந்தால் அறை முழுவதும் வெடிக்கத் தயார். கேஸ் காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தேங்கும். அங்கே அதைவிடக் குறைந்த கசிவே போதும்.

வாடை வந்தால் முதலில் அடுப்புக் குமிழையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். ஜன்னல், கதவைத் திறங்கள். எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போடுவது மட்டுமல்ல, அணைப்பதும் பொறி தரும். போன் மேசைமேல் இருந்தால் அங்கேயே இருக்கட்டும், மணி அடித்தாலும். பையில் இருந்தால் தொடாமல் அப்படியே வெளியே வாருங்கள். பக்கத்து வீட்டாரைக் காலிங் பெல் அழுத்தாமல் கதவைத் தட்டிக் கூப்பிடுங்கள். திறந்தவெளிக்கு வந்த பிறகு 1906-க்குப் பேசுங்கள். கேஸ் கசிவுக்கான இந்த எண் இந்தியா முழுவதும் 24 மணி நேரமும் இயங்குகிறது. எங்கே கசிகிறது என்று போன் டார்ச் அடித்துத் தேடுவது வேண்டாம். சந்தேகம் வந்த நாளில், வாடை முற்றிலும் போன பிறகு, சோப்பு நுரையை டியூபிலும் இணைப்பிலும் தடவினால் கொப்புளம் காட்டிக்கொடுத்துவிடும்.

டார்ச் என்றதும் செப்டிக் டேங்க் நினைவுக்கு வருகிறது. மூடியைத் திறந்து, நிரம்பிவிட்டதா என்று போன் வெளிச்சத்தில் குனிந்து பார்க்காத வீடு குறைவு. உள்ளே மீத்தேன் இருக்கிறது. 5 முதல் 15 சதவீதத்தில் பற்றும். கூடவே ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை வாடையை வைத்து அதைத் தெரிந்துகொள்ளலாம் என்று நம்பாதீர்கள். அளவு கூடினால் அதுவே மூக்கை மரத்துப்போகச் செய்யும். போன் கைதவறி உள்ளே விழுந்துவிட்டால் அதை எடுக்க யாரும் இறங்கக்கூடாது. ஒருவர் இறங்கி மயங்க, அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கி அவரும் விழுவதுதான் இந்தக் குழிகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. போன் போனதாகவே இருக்கட்டும்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும்போதும் இதே டார்ச். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் 4 சதவீதத்திலேயே பற்றும், பெட்ரோலுக்குத் தேவையானதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பொறியில். உலோக விளிம்புள்ள போன் கைதவறி இரண்டு முனைகளின் குறுக்கே விழுந்தால் பெரிய பொறி அங்கேயே கிளம்பும். இன்வெர்ட்டரை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, ஜன்னலைத் திறந்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் ஊற்றுங்கள். மூடிய அறையில் தின்னர் கலந்து பெயின்ட் அடிக்கும்போது மூலையில் சார்ஜரில் பாடிக்கொண்டிருக்கும் போனையும் வெளியே வையுங்கள். அங்கே போனைவிடச் சார்ஜரின் தளர்ந்த ப்ளக்தான் முதல் சந்தேகப் பொருள்.

ஆலைக்குள் போகும் போன்

சுத்திகரிப்பு ஆலை, கேஸ் நிரப்பும் நிலையம், கெமிக்கல் ஆலை இவற்றில் இடத்தை மூன்றாகப் பிரிப்பார்கள். எப்போதும் எரியும் ஆவி இருக்கும் இடம் ஸோன் 0, டேங்க்கின் உட்புறம்போல. வழக்கமான வேலையின்போது அவ்வப்போது வரக்கூடிய இடம் ஸோன் 1. வழக்கமாக வராது, வந்தாலும் சிறிது நேரமே என்றால் ஸோன் 2. சாதாரண போன் இந்த மூன்றிலும் கூடாது, அணைத்து வைத்திருந்தாலும். கட்டாயம் ஒரு படம் எடுத்தாக வேண்டுமென்றால் வெல்டிங்குக்கு எடுப்பதுபோல ஹாட் வொர்க் பெர்மிட் (பொறி வரக்கூடிய வேலைக்கான எழுத்து அனுமதி) எடுத்து, கேஸ் டெஸ்ட் செய்து, மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகே எடுக்க வேண்டும். படத்துக்குப் போய்ப் பெர்மிட்டா என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. பேட்டரிக்கு நாம் எதற்காக உள்ளே வந்தோம் என்பது தெரியாது.

இதற்கென்றே தயாரிக்கும் போன்கள் உண்டு. முதுகில் "எக்ஸ் ஐபி 2சி டி4" (Ex ib IIC T4) போன்ற குறி பொறித்திருக்கும். 'எக்ஸ்' என்றால் வெடிக்கும் சூழலுக்கென்று சோதித்தது. 'ஐபி' என்றால் உள்ளே ஒரு பழுது ஏற்பட்டாலும் பற்றவைக்கும் அளவு பொறி வராதபடி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தியது. அது ஸோன் 1 வரை செல்லும். 'ஐஏ' இரண்டு பழுது வரை தாங்கும், ஸோன் 0-க்கு. 'ஐசி' ஸோன் 2-க்கு மட்டும். ரோமன் இரண்டும் சி-யும் சேர்ந்தது வாயுக் குழு: 2ஏ-வில் புரோப்பேன், 2பி-யில் எத்திலீன், 2சி-யில் மிக எளிதில் பற்றும் ஹைட்ரஜனும் அசிட்டிலீனும். 2ஏ போனை ஹைட்ரஜன் இருக்கும் இடத்துக்குக் கொண்டு போகக்கூடாது. 2சி போன் மூன்று வாயுக் குழுவுக்கும் செல்லும், அதன் ஸோன் அனுமதிக்கும் இடம்வரை. 'டி4' என்பது வெளிப்பரப்பு 135 டிகிரியைத் தாண்டாது என்ற உறுதி. டி6 என்றால் 85. மாவு, பஞ்சு, தூள் உள்ள ஆலைகளுக்குக் குழு 3 என்று தனியாக இருக்கிறது. வாயுவுக்கான குறி மட்டும் இருந்தால் அங்கே செல்லாது.

விலை அதிகமான இந்தப் போனும் தப்பாகக் கையாண்டால் சாதாரண போன்தான். கண்ணாடி விரிசல் விட்டதா, சார்ஜ் துவாரத்தின் ரப்பர் மூடி தொலைந்ததா, கீழே விழுந்து ஓரம் பிளந்ததா, சான்று அந்த நொடியே செல்லாது. தயாரித்த நிறுவனத்தின் சர்வீஸுக்குப் போக வேண்டும். தெருக்கடையில் பேட்டரி மாற்றியதும் அப்படியே. சார்ஜ் போடுவது, சிம் மாற்றுவது, கேபிள் செருகுவது எல்லாம் ஆபத்துப் பகுதிக்கு வெளியே. அழகுக்காக மாட்டும் பிளாஸ்டிக் கவர் உரசலில் நிலைமின்சாரம் சேர்க்கும்; பெட்டியில் கூடவே வந்த உறையைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். ஷிஃப்ட் தொடங்கும்போது துவார மூடி, கண்ணாடி, நாலு மூலை, பொறித்த குறி படிக்கும்படி இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம்தான் ஆகும்.

கேட்டில் இருக்கும் பெட்டியில் போனை வைத்துவிட்டு வருபவர்களின் மணிக்கட்டையும் காதையும் காவலாளி பார்க்க வேண்டும். ஸ்மார்ட் வாட்ச், ப்ளூடூத் இயர்போன், கையடக்க டார்ச், பையில் மறந்த பவர் பேங்க், கார் ரிமோட் சாவி எல்லாவற்றிலும் சான்று பெறாத பேட்டரிதான் இருக்கிறது. அந்தப் பெட்டிக்கு மேலே "செல்போன்" என்று மட்டும் எழுதியிருந்தால், இந்த ஐந்தின் பெயரையும் பக்கத்தில் சேர்த்து எழுதிவிடுங்கள்.